நாலு கலர் பேட்டரி

சங்கராபுரத்து மரவேலை மேஸ்திரி பச்சமுத்துவிடம் கெட்ட பழக்கம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. குடிக்க மாட்டார். பீடி, சிகரெட் கிடையாது. சீட்டாடுகிற பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார். ஆனால் வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடுகிற மிஷினை எவனாவது கண்ணில் காட்டிவிட்டால் போதும், மனுஷன் ஆளே மாறிப் போவார். "இதுக்கு நீ பேசாம குடிச்சே தொலைஞ்சிருக்கலாம்யா. குடிகாரனுக்காவது காலையில தெளியும்" என்று அவர் மனைவி செந்தமிழ்ச்செல்வி எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.

முதலில் வாங்கியது ஒரு பச்சை டிரில்லர். அதைக் குற்றம் சொல்ல முடியாது. கரண்டே வராத புது வீடுகளில் வேலை. ஒரு ஓட்டை போட மூணாவது வீட்டிலிருந்து வயர் இழுத்து, அந்த வீட்டுக்காரம்மாவிடம் பேச்சு வாங்கிக் கட்டிக்கொள்கிற பிழைப்பு அதோடு ஒழிந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும். நிறுத்தினாரா? ஸ்குரு வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனவர் மஞ்சள் ரம்பத்தோடு வந்து இறங்கினார். கேட்டால் பேட்டரி இலவசமாம். அப்புறம் ஒரு சிவப்பு ஸ்குரு மிஷின் வந்தது. அது வந்த நாலாம் மாதம், மரத்தைத் தேய்க்கிற நீல கிரைண்டர். கம்பெனிப் பெயரெல்லாம் அந்த வீட்டில் செல்லாது. கலர்தான் பெயர்.

இதில் உள்ள வில்லங்கம் வாங்குகிறவரைக்கும் யாருக்கும் தெரிவதில்லை. ஒரு கலர் பேட்டரி இன்னொரு கலர் மிஷினில் ஏறாது. தள்ளினாலும் ஏறாது, கெஞ்சினாலும் ஏறாது. அதனால் நாலு கலருக்கும் தனித்தனி பேட்டரி, தனித்தனி சார்ஜர். இது போதாதென்று, பேட்டரி இல்லாமல் வெறும் மிஷினை மட்டும் கடைக்காரர் குறைந்த விலைக்குத் தருவார். அதற்கு மொட்டை மிஷின் என்று பேர். மொட்டை மிஷின் என்று காதில் விழுந்தாலே பச்சமுத்துவுக்குக் கை நமநமக்கும். அப்படி வந்து சேர்ந்ததுதான் தூசு ஊதுகிற சிவப்பு மிஷின். மரத்தூளை அது ஊதியதைவிட, தலைக்குக் குளித்த செல்வியின் முடியைக் காயவைத்ததுதான் ஜாஸ்தி.

செல்வி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். கல்யாண மாதமென்றால் மூச்சுவிட நேரம் இருக்காது. இருந்த நாலு பிளக்கிலும் நாலு சார்ஜர் உட்கார்ந்துகொண்டு கண் சிமிட்டினால் அவளுக்கு எப்படி இருக்கும்?

"இன்னாய்யா, சட்னி அரைக்க ஒரு பிளக்கு இல்ல. நான் அம்மியில அரைக்கணுமா?"

"ரெண்டே நிமிஷம் இரு செல்வி. மஞ்சள் ஏறிக்கினு இருக்குது, மூணு லைட்டு வந்துடுச்சி."

"உனுக்கு மஞ்சள் ஏறுது, எனுக்குப் பித்தம் ஏறுது!"

திட்டினாலும் அவள் பாசக்காரிதான். எந்த பேட்டரி எதற்கு என்று தெரியாமல் மனுஷன் தினமும் காலையில் மூட்டையைக் கொட்டித் தேடுவதைப் பார்த்து, வெட்டி மிஞ்சிய ஜாக்கெட் துணியில் ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு பை தைத்து, வாயில் நாடா கோத்துக் கட்டியும் கொடுத்தாள். பையைக் கையில் கொடுத்து விளக்கமாக எடுத்தும் சொன்னாள். பச்சமுத்து அந்த நேரம் பார்த்துப் போனில் எவனோ புது மிஷினைப் பெட்டி பிரித்துக் காட்டுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ம்ம், ம்ம், சூப்பரு" என்றார். அந்த "ம்ம்"தான் கடைசியில் வினையாக முடிந்தது.

ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி உள்ளே ஒரு சிற்றூரில், ராணியம்மாள் வீட்டுக்கு வாசக்கால் நிறுத்த வேண்டும். மலையில் காற்றும் மழையும் அடித்து, மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. கச்சிராயபாளையத்து மேஸ்திரி கரண்ட் வந்த பிறகு வருகிறேன் என்று கையை விரித்துவிட்டார். "நம்மகிட்ட கரண்டே தேவையில்லீங்க" என்று பச்சமுத்து மார்தட்டி ஒப்புக்கொண்டார். வேப்பமரத்தில் வாசக்காலைச் சங்கராபுரத்திலேயே செய்து முடித்தாயிற்று. மலையில் போய் நிறுத்துவது மட்டும்தான் பாக்கி.

செல்வியும் கூடக் கிளம்பினாள். கரியாலூர் நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவர் சொல்லிப் பதினோரு வருஷம் ஆகிறது. தைக்க வேண்டியதையெல்லாம் நேற்றே முடித்துக் கொடுத்திருந்தாள். விடிந்தும் விடியாமல் பச்சமுத்து பச்சை டிரில்லர், மஞ்சள் ரம்பம், சிவப்பு ஸ்குரு மிஷின் மூன்றையும் சாக்கில் போட்டார். அலமாரியிலிருந்து பச்சைப் பை, மஞ்சள் பை, சிவப்புப் பை மூன்றையும் எடுத்து மேலே வைத்துக் கட்டினார். குட்டியானை வண்டி மலையேறியது. கோமுகி அணைத் தண்ணீர் கீழே தெரிய, செல்வி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

"செல்வி, ராணியம்மா கிட்ட எல்லாம் நம்ம மிஷினைப் பத்திப் பெருமையாச் சொல்லு, இன்னா?"

"சொல்றேன், சொல்றேன். ஊர்ல நாலு பிளக்கையும் அடைச்சிக்கினு உக்காந்திருக்கிற பெருமையையும் சேத்துச் சொல்றேன்."

வண்டிக்காரர் வாசக்காலை இறக்கிவிட்டு, வெள்ளிமலையில் ஒரு லோடு இருக்கிறது, சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று போய்விட்டார். மணி எட்டேமுக்கால். தூறல் விட்டபாடில்லை. ராணியம்மாளும் அவள் புருஷன் பூமாலையும் ஓடி வந்து வரவேற்று, கறுப்புக் காபி கொடுத்தார்கள். பழைய வீட்டைப் போன வருஷத்து மழை சாய்த்துவிட்டது. அன்றிலிருந்து தார்ப்பாய்க்குள்தான் குடித்தனம். மரவள்ளி போட்டும், கீழ்நாட்டுக்குக் கூலிக்குப் போயும் மிச்சம் பிடித்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். முற்றத்துப் பலா மரத்தடியில், ஒரு கல்லின் மேல் குடை பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் நின்றாள்.

"அது எம் பொண்ணு சந்தியா. வெள்ளிமலையில குடுத்துருக்கோம்" என்று ராணியம்மாள் செல்வியின் காதோடு சொன்னாள். "உக்காந்துகினு இருக்கிறது அவ மாமியார், ராஜாம்பாள். தலப்பிரசவம் தாய்வூட்லதானே பாக்கணும்? தார்ப்பாய்க்குள்ள எல்லாம் எம் மருமவள அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. தப்பில்லியே, யாராயிருந்தாலும் அதத்தான் சொல்வாங்க. அதான் நேர்ல பாத்துட்டு முடிவு சொல்றேன்னு வந்துருக்காங்க."

"அதுக்கென்னாங்கக்கா, இன்னிக்கி வாசக்கால் நின்னுடப் போவுது."

"நின்னுடணும் கண்ணு. பத்தரைக்கு ராகுகாலம். நாளைக்கு ஆடி பொறக்குது. இன்னிக்கி நின்னுட்டா ஆடி பூரா மேல்வேலை, உள்வேலை பாத்துக்கலாம். வுட்டுட்டா ஆவணிக்குத்தான். அப்ப எம் பொண்ணு அங்கியே பெத்துக்க வேண்டியதுதான்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு. அதுக்குப் பத்தியம் வடிச்சிப் போடக்கூட எனுக்குக் குடுப்பின இல்லாம பூடுமோன்னு பயமா கீது."

பச்சமுத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வாசலை அளந்தார். டேப்பை ஒருமுறை போட்டார். மறுபடியும் போட்டார். நெற்றியைச் சொறிந்தார். வாசக்காலில் மேல்கட்டையும் கீழ்கட்டையும் இரண்டு பக்கமும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது சுவருக்குள் போய் உட்கார வேண்டும். கொத்தனார் அதற்கு இடம் விடாமல், நேற்று அவசரத்தில் இரண்டு பக்கமும் சிமெண்ட் தூணை நெருக்கிக் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

"ஒண்ணியும் பிரச்சினை இல்ல" என்றார் பச்சமுத்து. "நாலு முனையிலயும் நாலு வெரக்கட அறுத்துட்டா உள்ள போயி உக்காந்துக்கும். நம்ம மஞ்சளுக்குப் பத்து நிமிஷ வேலை. பாத்துக்கினே இருங்க."

வாசக்காலைத் தூக்க வந்த ஆம்பிளைகள் பத்துப் பேரும் சுற்றி நின்றார்கள். பச்சமுத்து மஞ்சள் ரம்பத்தை வெளியே எடுத்தார். மஞ்சள் பையை எடுத்தார். நாடாவை அவிழ்த்தார். உள்ளேயிருந்து சிவப்பு பேட்டரி வந்தது.

"எங்கியோ மாறிடுச்சி போல" என்று சிரித்துக்கொண்டே பச்சைப் பையை அவிழ்த்தார். அதில் நீலம். சிவப்புப் பையை அவிழ்க்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அதில் பச்சை. மனுஷனுக்கு மூஞ்சி வெளிறிப் போயிற்று.

"செல்வி... இங்க வா. மஞ்சள் பையில ஏன் செவப்பு பேட்டரி கீது?"

செல்வி ஒன்றும் நடக்காதது மாதிரி சொன்னாள். "செவப்புக்கு மஞ்சள் பைதானே தெச்சேன்?"

"செவப்புக்கு எதுக்கு மஞ்சள்?"

"காண்ட்ராஸ்ட்டுங்க! பச்சை மேல பச்சை போட்டா எது பை, எது பேட்டரின்னு எடுத்துக் காட்டுமா? பொடவைக்கு ஜாக்கெட் அப்பிடித்தானே இப்ப எல்லாரும் போடறாங்க. பச்சைக்குச் செவப்பு, செவப்புக்கு மஞ்சள், நீலத்துக்குப் பச்சை, மஞ்சளுக்கு நீலம். அன்னிக்கே உங்ககிட்ட ஒண்ணொண்ணா எடுத்துச் சொன்னனே. ம்ம், ம்ம், சூப்பருன்னீங்களே!"

நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் மரியாதையாகத்தான் பேசுவாள். ஆனால் அந்த "ங்க"வுக்குள் இருந்த உறைப்பு பச்சமுத்துவுக்கு நன்றாகவே தெரிந்தது. நீலப் பை, அதற்குள் மஞ்சள் பேட்டரி, சங்கராபுரத்து அலமாரியில் பத்திரமாக இருந்தது. போனைப் பார்த்தார், கரண்ட் இல்லாமல் டவரும் செத்துக் கிடந்தது. அழைத்தாலும் என்ன, எடுத்து வர ஆள் ஏது? மணி ஒன்பதரை.

"டிரில்லரும் ஸ்குரு மிஷினும் ஓடும்" என்றார் மெதுவாக. "அறுக்கறதுக்குத்தான் ஒண்ணியும் இல்ல."

"அருவால வெச்சிக் கொத்திடலாமா மேஸ்திரி?" என்றார் பூமாலை.

"வேணாங்க. கட்டை வாய் பொளந்துக்கும். கீறல் வுழுந்த வாசக்கால எப்பிடி நிறுத்தறது?"

பூமாலை ஓடிப்போய் எங்கிருந்தோ ஒரு கைரம்பம் கொண்டுவந்தார். பல்லில் பாதி இல்லை. ஈர வேம்பில் இரண்டு இழுப்பு இழுத்ததும் மாட்டிக்கொண்டது. மூன்றாவது இழுப்பில் வளைந்தே போனது. ராணியம்மாள் நவதானியத் தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். பலா மரத்தடியில் ராஜாம்பாள் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

பச்சமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை மிஷின் வைத்திருந்து என்ன பிரயோசனம்? ஒரு பொண்ணு அம்மா வீட்டுக்கு வருவதை நான் கெடுத்துவிட்டேனே என்று நொந்துகொண்டார். நீல பேட்டரியைக் கையில் தூக்கி, "இதப் பாரு! நாலு லைட்டும் எரியுது, முழுசா சார்ஜு ஏறியிருக்குது. ஆனா மிஷினு வூட்ல. பேட்டரி மட்டும் மலை ஏறி வந்துருக்குது, சுத்திப் பாக்கறதுக்கு!" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கூட்டத்தில் நின்றிருந்த ஒரு முப்பது வயது ஆள் எட்டிப் பார்த்தான். பாதையில் விழுகிற மரங்களை வெட்டி ஒதுக்குகிற அஜித்குமார். மூன்று நாள் காற்றில் விழுந்த மரமெல்லாம் அப்படியே கிடக்க, இவன் சும்மா இருந்தான்.

"அண்ணா, அந்த நீலத்தைக் கொஞ்சம் குடுங்க பாப்போம்." வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அட, எங்கிட்ட இதே கலர்ல செயின் ரம்பம் கீதுண்ணா! பேட்டரி ஒண்ணே ஒண்ணு. மூணு நாளா கரண்டு இல்லாம செத்துப் போயி மூலையில கெடக்குது."

பச்சமுத்து அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நெசமாவா? எங்க கீது உன் வூடு?"

"மரவள்ளிக் கொல்லைக்குக் கீழண்ட."

"இன்னும் ஏன்டா நின்னுகினு இருக்கே? ஓடுடா சாமி!"

அஜித்குமார் சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினான். திரும்பி வரும்போது மணி பத்தை நெருங்கியிருந்தது. முட்டி வரை சேறு, கையில் நீலச் செயின் ரம்பம். பச்சமுத்து பேட்டரியை வைத்துத் தள்ளினார். டக் என்று உட்கார்ந்துகொண்டது. பித்தானை அழுத்தினார். விர்ரென்று சுற்றியது பாருங்கள், பத்துப் பேரும் விசில் அடித்தார்கள்.

அந்த நேரத்திலும் மனுஷன் புத்தி போன போக்கைக் கேளுங்கள். மிஷினைத் தூக்கிப் பார்க்கிறார். கைப்பிடியைத் தடவுகிறார். "வெயிட்டே இல்லியேப்பா! எண்ணெ தானா வுட்டுக்குமா? இது எங்க வாங்கனே? மொட்டையா குடுப்பாங்களா?"

"யோவ்!" செல்விக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "மணி பத்தாவுது! அறுய்யா மொதல்ல!"

அறுத்தார். அப்படி ஒரு வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. செல்வி டேப்பைப் பிடித்துக் கோடு போட, பூமாலை கட்டை ஆடாமல் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ள, தூறலில் வேப்பந்தூள் எல்லார் முகத்திலும் அப்பியது. நாலு முனையும் துண்டாக விழுந்தபோது மணி பத்து பத்து. "கையைக் குடுங்கடா!" என்று பூமாலை கத்தினார். பத்துப் பேரும் சேர்ந்து தூக்கினார்கள். கீழே பள்ளத்தில் ராணியம்மாள் நவதானியத்தைப் போட்டுப் பால் ஊற்றினாள். வாசக்கால் உள்ளே போய் உட்கார்ந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார் பச்சமுத்து. நூல் பிடித்த மாதிரி நின்றது. மாவிலை கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டும்போது பத்து இருபத்திரண்டு.

"எட்டு நிமிஷம் மிச்சம்" என்றார் பச்சமுத்து.

"அத எடுத்து வூட்டுக்குக் கொண்டு போயி சார்ஜுல போடு" என்றாள் செல்வி.

பச்சை டிரில்லர் ஓட்டை போட்டது, சிவப்பு மிஷின் வாசக்காலைச் சுவரோடு பிடிக்கிற கிளாம்பை முறுக்கியது. மதியத்துக்குள் சுற்றிலும் கல் வைத்துப் பூசி முடித்துவிட்டார்கள். சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் சுட்ட மரவள்ளிக்கிழங்கும் இலையில் விழுந்தன. பசி வயிற்றைக் கிள்ள, யாரும் தலை நிமிரவில்லை. பிறகு பலாப்பழத்தை அறுத்தார்கள். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் ராணியம்மாள் மட்டும் ஒரு சுளையைக்கூட வாயில் வைக்கவில்லை. ராஜாம்பாள் சாப்பிட்டுக் கை கழுவினார், வெற்றிலை போட்டார், வாசக்காலைப் போய்த் தட்டிப் பார்த்தார், திரும்பி வந்து கல்லில் உட்கார்ந்தார். என்ன நினைக்கிறார் என்று சாமிக்குத்தான் தெரியும்.

கைகழுவி வந்த அஜித்குமார் பச்சமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணா, உங்குளுக்கு இந்த ரம்பம் ரொம்பப் புடிச்சிருக்குதுல்ல? பேட்டரி கைவசம் வெச்சிக்கினு கீறீங்க. எடுத்துக்கோங்க. பாத்துக் குடுங்க, போதும். இங்க பாதி நாளு கரண்டு இல்லாம சும்மாதான் கெடக்குது."

பச்சமுத்துவின் கை தானாக மிஷின் மேல் போயிற்று. இந்தா என்று தேடி வருகிறது! மூலைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினால் எவ்வளவு அழகாக இருக்கும்! செல்வி எதிரில் உட்கார்ந்து பலாக்கொட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியாதா என்ன, அவர் வாங்கத்தான் போகிறார் என்று?

பச்சமுத்து கொஞ்ச நேரம் மிஷினைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் அதிலிருந்த நீல பேட்டரியைக் கழற்றி அஜித்குமார் கையில் வைத்தார்.

"ரம்பம் எனுக்கு வாணாம்ப்பா. பேட்டரியை நீ வெச்சிக்க. ஒண்ணு ஓடறப்போ இன்னொண்ணு ஏத்தி வெச்சிக்கோ, கரண்டு நின்னாலும் தாங்கும். ரோட்டோரமா அங்கங்க மரம் வுழுந்து கெடக்குது. ஆடி, ஆவணின்னு மழை இன்னும் ஜாஸ்தியாவும். ராத்திரி பகல்னு இல்லாம ஆஸ்பத்திரிக்கு வண்டி போவ வேண்டியிருக்கும்." சொல்லிவிட்டுச் சந்தியா இருந்த பக்கம் பார்த்தார்.

"அண்ணா, அப்ப உங்க வூட்ல இருக்கிற நீல மிஷினு?"

"அது கெடக்குது மொட்டையா."

செல்வியின் கையிலிருந்து பலாக்கொட்டை நழுவிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு சின்ன ஸ்குருவைக்கூட இந்த மனுஷன் யாருக்கும் கொடுத்து அவள் பார்த்ததில்லை. "யோவ், உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். கேட்கும்போதே சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

ராஜாம்பாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குடையை மடக்கினார். எழுந்து நேராகச் செல்வியிடம் வந்தார்.

"ஏம்மா, நீ ஜாக்கெட் தெப்பியாமே?"

"ஆமாங்கம்மா."

"எம் மருமவளுக்கு அளவெடு. ஆவணி பொறந்ததும் மொத முகூர்த்தத்துல வளகாப்பு. அது முடிஞ்ச கையோட பொண்ணு இங்கதான வரப் போவுது, புள்ளைக்குப் பால் குடுக்கற மாதிரி முன்பக்கம் கொக்கி வெச்சி, கொஞ்சம் லூசாவே தெய்."

ராணியம்மாள் ஓவென்று அழுதுகொண்டே ஓடி வந்து சம்பந்தியம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அளுவாத, அளுவாத. நல்ல நாளும் அதுவுமா இன்னா அளுவ?" என்று அதட்டினாலும் ராஜாம்பாள் அவள் கையை விடவில்லை. சந்தியா எழுந்துபோய்ப் புது வாசக்காலின் நடுவில் நின்றுகொண்டு, அளவெடுக்க இரண்டு கையையும் விரித்தாள்.